எட்டாவது கோட்டுக்கு மேல்

ஜனவரி 8

பொடியா,

நாற்பத்தொரு வயது ஆளை இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். வேறு எப்படித் தொடங்கினாலும் அரசாங்கக் கடிதம் மாதிரி இருந்தது. நாம் பேசிப் பத்தொன்பது மாதம் ஆகிறது. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. ஒரு வேலைக்காக எழுதுகிறேன்.

ஒரு நாடகத்துக்கு இசையமைக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன். அணை உடைந்து ஊர் மூழ்கும் கதை. நடுவில் பதினொரு நிமிடம் வசனமே கிடையாது. தண்ணீர் ஏறுவதை, பெட்டி பெட்டியாக மாட்டிச் சேர்த்த என் மின் இசைக்கருவி, அந்த மாடுலர் சிந்தசைசர் ஒன்றுதான் சொல்ல வேண்டும். முதலில் தரைக்கடியில் ஓர் உறுமல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கடைசியில் மேடை கொள்ளாத இரைச்சல். அதற்கு அந்தக் காலத்து மாதிரியில் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் வேண்டும். அடிச்சத்தத்தை விட்டுவிட்டு மேல் சத்தத்தை வெட்டுகிற சாமான்தானே, கடையில் எத்தனையோ இருக்கிறது என்பாய். மூன்று வாங்கி மாட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குமிழைக் கடைசிவரை திருகினாலும் திறக்க மாட்டேன் என்கிறது. போர்வைக்குள் படுத்துக்கொண்டு பதில் சொல்கிற ஆள் மாதிரி ஒரு சத்தம்.

மார்ச் 20 அரங்கேற்றம். செய்து தருவாயா? குறைந்தது எது நல்லது என்றாவது சொல்வாயா?

ஃபோன் செய்யாதே. பேசினால் சண்டையில்தான் முடியும். எழுது.

அக்கா

*

ஜனவரி 16

அக்கா,

வேலைக்காக எழுதியிருக்கிறாய். வேலையை முதலில் முடித்துவிடுகிறேன்.

அந்தக் காலத்து மாதிரி என்றால் உனக்கு ஆகக்கூடியது இரண்டுதான். ஒன்று, ஏணி. டிரான்சிஸ்டர்களை ஜோடி ஜோடியாகப் படி மாதிரி அடுக்கிச் செய்வது. சத்தம் தடிமனாக, வழவழப்பாக இருக்கும். வெட்டும் இடத்தைக் கூர்மையாக்க ரெசனன்ஸ் குமிழை ஏற்றினால் அடிச்சத்தம் கொஞ்சம் மெலியும். அது அதன் சுபாவம், பழுதல்ல. இன்னொன்று, டயோடு வகை. முரடு. அதட்டினால் திரும்பி அதட்டும். தண்ணீருக்கு எது என்று உன் காதுதான் சொல்ல வேண்டும். இரண்டையும் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். மாட்டும்போது சிவப்புக் கம்பி எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டு.

நீ எழுதப்போவதில்லை என்றதை இப்போது நான் எழுதுகிறேன்.

அந்த ஜூன் மாதம் உன் நிகழ்ச்சியில் ஸ்பீக்கரிலிருந்து ஊசி மாதிரி ஒரு விசில் வந்தது. முன்வரிசையில் குழந்தைகள் அழுதன. நான் மேடைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தேன். முந்நூறு பேர் பார்க்க, கையில் மைக்கோடு, "என்னடா பண்ணி வச்சிருக்க? உன் பெட்டியால என் மானமே போச்சு" என்றாய். உனக்காக நான் செய்து மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த கடைசி ஆர்டர் என்ன தெரியுமா? ஆர்டர் கொடுத்த ஒருவர், "உங்க பெட்டி தானா விசிலடிக்குமாமே, வேண்டாம் சார்" என்று ரத்து செய்ததுதான். இப்போது லிஃப்ட் கம்பெனி ஒன்றில் பழுதான போர்டுகளைப் பார்க்கிறேன். லிஃப்ட் யாரிடமும் என்னைப் பற்றிப் பேசுவதில்லை. நிம்மதி.

தம்பி

*

ஜனவரி 29

பொடியா,

பெட்டி பத்திரமாக வந்தது. நீ சுற்றியிருந்த காகிதத்தைப் பிரிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. முட்டையா அனுப்பினாய்?

நீ எழுதியதைப் படித்தேன்.

ஏணியை முதலில் மாட்டினேன். அடிச்சத்தம் என்ன அழகு! மேஜைமேல் வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. ஆனால் மேலே போகப் போக ஒன்றுமில்லை. குமிழைச் சுற்றிய கோடுகளில் ஆறாவது கோடுவரை உயிரோடு இருக்கிறது, அதற்குமேல் குமிழைத் திருகுவதும் திருகாததும் ஒன்றுதான். டயோடு அதைவிடக் கோபக்காரன், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவனும் மேலே போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். எங்கேயாவது தவறான பாகம் போட்டுவிட்டாயோ? கோபித்துக்கொள்ளாதே, கேட்கிறேன்.

உன் மருமகளுக்கு இப்போது பதினேழு. நான் வாசிக்க உட்கார்ந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறாள். நேற்று வந்து, "அம்மா, காது குத்துது, குறைங்க" என்றாள். "இதுல குத்தறதுக்கு என்னடி இருக்கு, மழுங்கலா இருக்கு" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இந்த வயதில் பெற்றவள் செய்வது எல்லாமே குத்தும்.

இன்னும் நன்றாகத் திறக்கிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா? நாள் போய்க்கொண்டே இருக்கிறது.

அக்கா

*

பிப்ரவரி 5

அக்கா,

தவறான பாகம் எதுவும் போடவில்லை. அனுப்பும் முன்பு இரண்டையும் அளந்தேன். மனிதக் காதுக்கு எட்டும் கடைசிவரை இரண்டும் திறக்கின்றன. அளந்த தாளை இணைத்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று அனுப்புகிறேன். இதுவும் ஏணிதான், பின்பக்கம் ஒரு சின்னத் திருகு மட்டும் வேறு மாதிரி வைத்திருக்கிறேன். குமிழை எட்டாவது கோட்டுக்கு மேலே வைத்து, தனியாக உட்கார்ந்து கேள். என்ன கேட்கிறது என்று உள்ளது உள்ளபடி எழுது. என் பதில் வரும்வரை வேறு யாருக்கும் வாசித்துக் காட்டாதே. இதை மட்டும் மறக்காதே.

தம்பி

*

பிப்ரவரி 13

என் பொடியா,

இதுதான்! இதைத்தான் கேட்டேன்! முதல் இரண்டையும் அனுப்பி என்னை அலைக்கழித்தாயே, படவா. எட்டாவது கோட்டுக்கு மேலே வைத்தேன், நீ சொன்னபடி. பட்டுத்துணியை விரித்த மாதிரி இருக்கிறது. ஒரு கரகரப்பு இல்லை, ஒரு பிசிறு இல்லை. என்ன திருகோ, என்ன மாயமோ, கை வைத்த இடம் சரி.

இரண்டு நாளாக உட்கார்ந்து பதினொரு நிமிடத்தையும் அமைத்துவிட்டேன். உறுமல் நாலு நிமிடம். பிறகு ஒவ்வொரு வீடாக மூழ்குவது. கடைசி இரண்டு நிமிடம் முழுக்க எட்டுக்கு மேலேதான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. யாருக்கும் காட்டாதே என்றாய். இயக்குநர் ஏற்கெனவே இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார், இன்னும் தள்ளிப்போட முடியாது. நல்லதைத்தானே காட்டப்போகிறேன்.

உன்னோடு மறுபடி வேலை செய்கிற மாதிரி இருக்கிறது. அந்த ஜூன் மாதத்தைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாடகம் முடியட்டும். நேரில் சொல்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 17, ஞாயிறு

அக்கா,

நீ 13ஆம் தேதி எழுதியது நேற்று மாலைதான் வீட்டுக்கு வந்திருக்கிறது. லிஃப்ட் வேலையாக வெளியூர் போயிருந்தேன். இன்று காலைதான் பார்த்தேன். உடனே ஃபோன் செய்தேன். உன் மகள் எடுத்தாள். "அம்மா அப்பவே ஒத்திகைக்குப் போயிட்டாங்களே மாமா. ஃபோனை வீட்லயே வச்சிட்டுப் போயிட்டாங்க" என்றாள். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

மூன்றாவது ஃபில்டர் எட்டாவது கோட்டுக்கு மேல் தானாக விசில் அடிக்கும். நான்தான் அப்படித் திருகி வைத்தேன். அறையில் யாராலும் உட்கார முடியாத அளவுக்குக் கீச்சென்ற விசில். கேட்டதும் நீ என்னைத் திட்டி எழுதுவாய், நான் நினைத்தது தவறு என்று ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். நீ பட்டுத்துணி என்று எழுதியிருக்கிறாய்.

மேல் சத்தம் உனக்குக் கேட்கவில்லை, அக்கா.

வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று. அதனால் இப்படிச் செய்தேன்.

தம்பி

*

பிப்ரவரி 21

தம்பி,

நடந்ததை எழுதுகிறேன், உனக்கும் தெரியட்டும்.

ஒத்திகைக் கூடத்தில் பதினொரு பேர். விளக்கை அணைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். உறுமல் வந்தபோது ஒருவர்கூட அசையவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. குமிழை மெல்லத் திறந்துகொண்டே போனேன். எட்டைத் தாண்டினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மனசு உருகி எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்துப் பார், அப்படியே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். ஊர்த்தலைவராக நடிக்கிறவர் வாசலுக்கே போய்விட்டார். இயக்குநர் நேரே வந்து ஸ்பீக்கரை அணைத்தார். "ஏன் நிறுத்தினீங்க?" என்று நான் சத்தம் போட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து, மெதுவாக, "உங்களுக்கு அது கேக்கலையா?" என்றார்.

என் காதைச் சோதிக்க நீ யார்? டாக்டரா? அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாதா? எலிக்குப் பொறி வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாய். தனியாகக் கேள் என்று எழுதினாய், உண்மை. காரணத்தை எழுதியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

இதோடு நிறுத்தி உறையை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

எனக்குத் தெரியும். அந்த நிகழ்ச்சி நடந்து நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், காது டாக்டரிடம் போனேன். ஃபோனில் பேசுகிறவர்கள் எல்லோரும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, அதற்காகப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். பாதி நேரம் பட்டனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் காட்டிய தாளில் கோடு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, ஒரு இடத்தில் மாடியிலிருந்து விழுந்த மாதிரி விழுந்தது. "இத்தனை வருஷம் ஸ்பீக்கர் முன்னாடி நின்னிருக்கீங்கம்மா. போனது திரும்ப வராது. இருக்கறதைப் பார்த்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே புரிந்துவிட்டது, அன்று விசில் எங்கிருந்து வந்தது என்று. உன் ஃபில்டர் பழுதில்லை. ரெசனன்ஸையும் மேல் சத்தத்தைத் திறக்கிற குமிழையும், எந்த ஃபில்டரும் விசிலடிக்கிற அளவுக்கு, முழுக்கத் திருகியது என் கை. எனக்குக் கேட்கவில்லை, அதனால் திருகினேன். அதைப் பதினாறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. தாளைத் துணி அலமாரியில் அடியில் வைத்தேன். சொன்னால் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்? காது போன இசைக்காரி.

பிறகு ஏன் உன்னிடம் ஃபில்டர் கேட்டேன் என்பாய். எங்கேயோ ஒன்று இருக்கும், எனக்காகவும் கொஞ்சம் திறக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது வந்ததும் இதுதான் அது என்று நானே நம்பிக்கொண்டேன். முட்டாள்தனம்தான். உனக்கு எழுதும்போதே முட்டாள்தனம் என்று தெரியும்.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

முதலில் என் தவறு. நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. நீ மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு மூலையில் இருந்தது. பதினொரு பேர் முன்னால் என்று இல்லை, என் ஒருவன் முன்னால். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது உன்னுடையது. அந்த ஃபில்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. மூன்று வாரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கே அளந்தாலும் சரியாக இருந்தது. இருந்தாலும் எல்லா டிரான்சிஸ்டரையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டேன். மறுபடி அளந்தேன். மறுபடியும் சரி. அப்போதுதான் பயம் வந்தது. பழுது பெட்டியில் இல்லை, கண்டுபிடிக்கத் தெரியாத என்னிடம்தான் என்று முடிவுகட்டினேன். என் சால்டரிங் சாமானையெல்லாம் விற்றேன். உனக்கு இந்த மூன்றையும் செய்ய லிஃப்ட் கம்பெனியில் இரவல் வாங்கினேன்.

முதல் நாலு மாதம் உனக்குத் தெரியாது. அதை நான் ஒரு சொல்கூடக் குறை சொல்ல மாட்டேன். காது போவதும் யார் குற்றமும் இல்லை. அந்தப் பதினாறு மாதம்தான். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஊருக்கு வேண்டாம், எனக்கு.

நாடகத்துக்கு முதலில் அனுப்பிய ஏணியையே மாட்டு. டயோடின் உயிர் அதன் மேல் சத்தத்தில், அந்தக் கடிக்கிற பிசிறில் இருக்கிறது. அது உனக்குக் கேட்காது, நீ கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி ஆகும். ஏணியின் வேலை பெரும்பாலும் கீழேயும் நடுவிலும்தான். அங்கே உன் காது என் காதைவிட நல்ல காது, இப்போதும். ரெசனன்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றாதே. எட்டாவது கோட்டில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டு, அதைத் தாண்டாதே. மூன்றாவதைத் திருப்பி அனுப்பு, அது வெளியில் இருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஜூன் மாதம் மண்டபத்தில் இருந்தவர்களிடம் சொல். எப்படிச் சொல்வாய் என்பது உன் பாடு.

தம்பி

*

மார்ச் 14

தம்பி,

சொல்லிவிட்டேன்.

முதலில் உன் மருமகளிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்மா, மைக்ரோவேவ் ஓடி முடிஞ்சு பீப் பீப்னு கத்தினாலும் அங்கயே நிப்பீங்க" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அழவில்லை, ஆச்சரியம்தான்.

அடுத்து மண்டபத்து ஒலிக்காரர். அந்த ஜூன் மாதம் ஒலி மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். காது வரைபடத்தை எடுத்துப்போய் அவர் மேஜைமேல் வைத்து, "அன்னைக்கு என் தம்பி பெட்டில ஒரு குறையும் இல்ல. என் காதுலதான்" என்றேன். தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "ரெண்டு வருஷமா நானும் எல்லார்கிட்டயும் அவர் பெட்டிதான்னு சொல்லிட்டு இருக்கேனேம்மா" என்றார். யார் யாரிடம் சொன்னாரோ அவர்களிடமெல்லாம் திருத்திச் சொல்வதாகச் சொன்னார். நான் அதோடு நிறுத்தவில்லை. இசைக்காரர்கள் சங்கத்தின் பலகையில் ஒரு பக்கம் எழுதி ஒட்டினேன். நகல் இதோடு இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தது போக இதுதான் நின்றது.

கடைசியாக இயக்குநர். நீக்கிவிடுவார் என்று தயாராகத்தான் போனேன். முழுக்க நீக்கவில்லை. நாடகத்தின் முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் இசைக்கு வேறு ஆள். "ஊர் மூழ்கறது உங்களோடது, அதை யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா மேல் சத்தத்துக்கு எங்க நாடகத்து ஒலிக்காரர் பொறுப்பு. அவர் குறைச்சா நீங்க கேக்கக் கூடாது" என்றார். ஒத்துக்கொண்டேன். அடுத்த நாடகத்துக்கு அவர் என்னைக் கூப்பிட மாட்டார். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஏணியை மாட்டிவிட்டேன். ஒட்டுத்தாள் ஒட்டியாயிற்று. நீ சொன்னது சரி, கீழே அது என் கைக்குள் இருக்கிறது. முன்னால் அமைத்ததைக் கலைத்துவிட்டுத் திரும்ப அமைத்தேன். இந்த முறை தண்ணீர் இரையவில்லை. கனத்துக்கொண்டே போகிறது.

உன்னிடம் கேட்க வேண்டியதைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். மன்னிப்பு என்று எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் அதுதான். உனக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள், முன்வரிசை, நான் வாசிக்கிற பக்கம். வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

அக்கா

*

மார்ச் 23

அக்கா,

முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் வந்தேன். வாசலில் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

பதினொரு நிமிடமும் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், தண்ணீர் மூன்றாவது வீட்டுக்கு வந்தபோது இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். வைத்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். ஏழாவது நிமிடத்தில் மேலே ஒரு இரைச்சல் கொஞ்சம் துருத்திக்கொண்டு வந்தது, நாடகத்து ஒலிக்காரர் அதைக் குறைத்தார். நீ தலையைக்கூடத் தூக்கவில்லை. குறைத்தது சரிதான். அவரை நம்பலாம்.

மண்டபத்து ஒலிக்காரர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். இரண்டு ஏணி கேட்கிறார். இன்னும் பதில் எழுதவில்லை. சால்டரிங் சாமான் புதிதாக வாங்க வேண்டும்.

முடிந்ததும் கூட்டத்தோடு எழுந்தேன். நீ மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். யாரோ பேசப் பேச, நீ அவர்கள் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு அடி முன்னால் வந்தேன். பிறகு திரும்பிவிட்டேன். எதிரில் வந்து நின்றிருந்தால், நீ கேட்பதற்கு முன்பே "பரவாயில்லக்கா" என்று என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். நீயும் அதை நம்பியிருப்பாய். அது இன்னும் உண்மையில்லை. பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் பஸ் ஏறினேன்.

உண்மையாகும் நாளில் வந்து சொல்கிறேன்.

உன் தம்பி